எழுபத்தெட்டுக் கிலோ ஆள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்பிரிங் பட்டறைக்காரர் தன் மனைவியைக் காரில் ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, "இனி ஒரு மணி நேரத்துக்கு மூச்சை மட்டும் விடு. வேற ஒண்ணும் பண்ணாத" என்றார். கார் எங்கும் போகவில்லை. போகிற உத்தேசமும் அதற்கு இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுகளோடு, டாக்டர் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் போலப் பட்டறை நடுவே அசையாமல் நின்றது. மனைவி கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் வாரப் பத்திரிகையை விரித்து, குறுக்கெழுத்தில் இறங்கினாள். எட்டு வாரமாகச் சனிக்கிழமைதோறும் அவளுக்கு இதுதான் உத்தியோகம். பதவியின் பெயர் கனம்.

பந்தயம் என்னவோ குழந்தைக்கும் புரிகிற பந்தயம்தான். நானூறு மீட்டர் நேர்ப்பாதை. வளைவு கிடையாது, மேடு கிடையாது. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்தக் கிளம்புகிற முதல் வினாடி இருக்கிறதே, அதில் ஒரு யுகம் ஒளிந்திருக்கிறது என்பார் பட்டறைக்காரர். இன்ஜின் ஒரே மூச்சில் உதைக்கும். உதையைத் தரையில் இறக்க வேண்டியவை பின்சக்கரங்கள். அவற்றின்மேல் பாரம் போதவில்லையென்றால் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி டயர்தான் கருகும். ஆகவே கிளம்பும்போது காரின் மூக்கு தூக்க வேண்டும், பின்பக்கம் குந்த வேண்டும், மொத்தப் பாரமும் முன்னாலிருந்து பின்னால் ஓடிப்போய்ச் சக்கரங்களின் தலையில் ஏறி உட்கார வேண்டும். அதற்காக முன்பக்க ஷாக் அப்சார்பரை இளக்க வேண்டும், பின்பக்கத்தை இறுக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றிலும் ஒரு திருகு உண்டு. திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு டிக் கூடினால் வண்டி தவளை, ஒரு டிக் குறைந்தால் கழுதை. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒன்றுபோல் தரையைக் கடிக்க வேண்டும். ஒன்று கூடுதலாகக் கடித்தால் வண்டி கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடும். அதனால் உள்ளே உட்காருகிற ஆளின் எடையையும் சேர்த்து எடைபோட்டே ஸ்பிரிங்கைச் சரிசெய்வார்கள்.

உட்காருகிற ஆள் அவருடைய மச்சினன். மனைவியின் கூடப் பிறந்த தம்பி, தூரத்து லாரி ஓட்டுகிறவன். ஒரு தடவை போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான், பந்தய நாளுக்குத்தான் வந்து சேருவான். அவனில்லாத நாளில் அவன் எடைக்கு எங்கே போவது? முதலில் மணல் மூட்டையை உட்கார வைத்துப் பார்த்தார். மணல் மூட்டைக்கு முதுகு இல்லை, இடுப்பு இல்லை, சாய்ந்து உட்காரத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மூன்றாம் நாள் பொத்துக்கொண்டு இருக்கையெல்லாம் கடற்கரையாகிவிட்டது. அப்போதுதான் அவருக்கு உதித்தது, அக்காவும் தம்பியும் ஒரே அச்சு என்று. அதே தோள், அதே இடுப்பு, அதே உட்காருகிற தினுசு. போன வருஷம் ஒரு மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் வேடிக்கையாக ஏறிப் பார்த்தபோது இருவருக்கும் அதே எழுபத்தெட்டுக் கிலோ காட்டியிருந்தது. யோசனை உதித்த அன்றைக்கு இரவு பட்டறைக்காரர் மனைவியைப் பார்த்து, "உலகத்துல என்ன வேணா மாறட்டும். நீ மட்டும் இப்படியே எழுபத்தெட்டா இரு" என்றார். முப்பத்து மூன்று வருஷ இல்லறத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அது. அவள் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொரு வருஷமாக லாரிகளின் முதுகெலும்பை நிமிர்த்தியவர் அவர். ஒரு லாரி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து, "பின்னாடி இடது பக்கம், மூணாவது பட்டை" என்று சொல்லிவிடுவார். இறங்கிப் பார்த்தால் ஸ்பிரிங் அடுக்கில் மூன்றாவது இரும்புப் பட்டைதான் விரிசல் விட்டிருக்கும். அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் காருக்குக் கிளம்பத் தெரியவில்லை என்பதைப் பந்தய கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் பந்தயக் கூட்டத்தில் பச்சை விளக்குக்குக் கார் அசையவே இல்லை. கிளம்பிய புகையில் பக்கத்து ஊர்க்காரர்கள் மழை வருகிறதென்று கொடியிலிருந்து துணி எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் நடந்த இரண்டாவது கூட்டத்தில் முன்பக்கத்தை மனம்போல இளக்கியிருந்தார். மூக்கு தூக்கிய தூக்கில் மச்சினனுக்குப் பாதையே தெரியவில்லை. "ஆகாசத்துல ஒரு விமானத்துக்கு வழி விட்டுட்டுத்தான் வந்தேன் மச்சான்" என்றான். கிளப்பில் விதி ஒன்று உண்டு. மூன்று கூட்டங்களுக்குள் ஒரு தடவையாவது பதினைந்து வினாடிக்குக் குறைவாக ஓடாத வண்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மூன்றாவது கூட்டம் நாளைக்கு.

"முன்னாடி இன்னும் ரெண்டு டிக் இளக்குங்க" என்றாள் மனைவி, குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"கனத்துக்கு வாய் கிடையாது."

"வாயையும் சேர்த்துத்தானே எழுபத்தெட்டு?"

அவர் கார் அடியில் புகுந்துகொண்டார். அவள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி சலவை வேன் ஓட்டியவள். ஆனால் இந்த வயதில் கனம் சொல்லித் தொழில் கற்றுக்கொள்வதாவது! தராசுகளைக் கூட்டிப் பார்த்தார். காரின் எடை ஆயிரத்து நாற்பது. ஆளோடு சேர்த்து ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. எட்டு வாரமாக ஒரு கிராம் பிசகாத ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. அவருக்குக் கண்ணில் நீர் வராத குறை.

"அந்தப் பையைத்தான் கீழ வையேன். கால் மரத்துப் போகப்போகுது."

"பொம்பளை மடியில இருக்கிற பையைப் பத்திப் பேசாதீங்க. உங்க ஷாக்கைப் பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே, மூலையில் அடுக்கியிருந்த பழைய ஸ்பிரிங் பட்டைத் துண்டுகளில் இன்னும் ஒன்று குறைகிறதே என்றும் யோசித்தார். இரண்டு மாதமாக இது நடக்கிறது. வாரம் ஒரு துண்டு காணாமல் போகிறது. பழைய இரும்பு வாங்குகிறவன் மேல் அவருக்குச் சந்தேகம். அவனைக் கண்டால் முறைக்க ஆரம்பித்திருந்தார். அவனும் காரணம் தெரியாமல், மரியாதைக்குத் திருப்பி முறைத்துவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் நேராக லாரியிலேயே மைதானத்துக்கு வந்து இறங்கினான். இறங்கினான் என்பதைவிட, தவணை முறையில் வெளியே வந்தான் என்பது பொருத்தம். முதலில் வயிறு வந்தது, சற்று நேரம் கழித்து மச்சினன் வந்தான். இத்தனை வாரமும் போனில் கேட்டபோதெல்லாம், "அதே எழுபத்தெட்டுதான் மச்சான், கிராம் மாறல" என்று சத்தியம் செய்தவன். பட்டறைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். தொளதொளச் சட்டை, காற்று வேறு அடிக்கிறது, அதனால் உப்பித் தெரிகிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். நம்ப விரும்புகிறவனுக்குக் காற்று போதும்.

காரில் ஏறியதும் பெல்ட் எட்டவில்லை.

"பெல்ட் சுருங்கிப் போச்சு மச்சான். துவைச்சீங்களா?"

"பெல்ட்டை யாராவது துவைப்பாங்களாடா?"

"அப்ப வெயில்ல காய வெச்சிருக்கீங்க."

மூச்சை உள்ளே இழுத்து, அக்கா ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமும் பிடித்து இழுக்க, பூட்டிய பெட்டிபோல 'க்ளக்' என்று மாட்டியது. இழுத்த மூச்சை விடாமலேயே அவன் கோட்டுக்குப் போனான். விடாமலேயே பச்சை விளக்குக்குக் கிளம்பினான். மூக்கு தூக்கியது, பின்பக்கம் குந்தியது, பட்டறைக்காரர் ஒரு கணம் சொர்க்கத்தின் வாசற்படியில் கால் வைத்தார். அதற்குள் ஓட்டுநர் பக்கத்து வலது பின்சக்கரம் தரையைக் கூடுதலாகக் கவ்விக்கொள்ள, கார் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இடது ஓரத்துப் புல்லைப் பார்க்கப் போனது. மச்சினன் ஒருவாறு இழுத்துப் பிடித்து, பிரேக்கில் நின்று, மூச்சு விட்டான். விட்ட மூச்சில் கண்ணாடி பனித்தது. பலகையில் நேரம் பத்தொன்பது வினாடி. வண்டிக்கு இரண்டு ஓட்டம்தான். இன்னும் ஒன்று பாக்கி.

கிளப் செயலாளர் கண்டிப்பானவர். சொந்தத் தாத்தாவே வந்தாலும் ரசீது கேட்பார். ஓடி முடித்த வண்டியை ஆளோடு எடை மேடையில் ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். ஆயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

"உங்க மேடை கெட்டுப் போச்சு" என்றார் பட்டறைக்காரர்.

"போன மாசம்தான் அரசு முத்திரை வாங்கினேன்" என்றார் செயலாளர். "அரை மணி நேரம் இருக்கு. அடுத்த ஓட்டத்துக்கு வர்றதுன்னா வாங்க. இல்லன்னா சொல்லிடுங்க, பேரை அடிச்சுட்டு நான் டீ குடிக்கப் போகணும்."

பட்டறைக்காரர் தம் நான்கு தராசுகளையும் லாரி நிழலில் பரப்பி, காரை ஏற்றினார். மச்சினன் உள்ளேயே இருந்தான். இறங்கினால் மறுபடி மாட்ட முடியாதே. கூட்டிப் பார்த்தால் அதே ஆயிரத்து நூற்று முப்பத்து மூன்று. நாற்பதைக் கழித்தார், ஆயிரத்தைக் கழித்தார். தொண்ணூற்று மூன்று வந்தது.

"ஷூ கொஞ்சம் கனம் மச்சான்" என்றான் மச்சினன், ஜன்னலைப் பார்க்காமல்.

"பதினைஞ்சு கிலோவுக்கு ஷூவா? குதிரைக்கு லாடம் அடிச்சாக்கூட அவ்வளவு வராதுடா."

"ராத்திரி பகலா ஓட்டுறேன். வழியில கடையைப் பாத்தா கை தானா பிரேக்குக்குப் போயிடுது. நான் என்ன பண்றது?"

பட்டறைக்காரருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எட்டு வாரம் பிசகாத தராசு இது. ஒருவேளை வண்டியில் வந்த குலுக்கலில் இதுவும் கெட்டிருக்குமோ? சோதிக்க ஒரே வழி, உலகத்திலேயே நம்பகமான எடைக்கல் ஒன்று பக்கத்தில் நிற்கிறது. மச்சினனை இறங்கச் சொன்னார். "நீ ஏறி உட்காரு" என்றார் மனைவியிடம். அவள் தயங்கினாள். பையோடு ஏறப் போனாள். அதற்குள், காரைவிட்டு வெளியே வருவதற்குப் பிடிமானம் தேடிய தம்பியின் கை அவள் தோளைப் பற்ற, பை நழுவி அவன் காலில் விழுந்தது. அவன் போட்ட அலறலில் மைதானத்தில் இரண்டு பேர் பந்தயம் தொடங்கிவிட்டதென்று வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

"என்னக்கா இது! உள்ள என்ன ரயில் தண்டவாளமா?"

அவள் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தாள். தராசுகள் நான்கும் கொஞ்ச நேரம் யோசித்து எண்ணைச் சொல்லின. ஆயிரத்து நூற்றுப் பதினொன்று. பட்டறைக்காரர் விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். எழுபத்தொன்று. ஒருவனுக்குக் கூட்டிக் காட்டுகிறது, ஒருத்திக்குக் குறைத்துக் காட்டுகிறது, இதென்ன தராசா இல்லை அரசியலா என்று திகைத்து நின்றவரின் காலடியில், மச்சினன் பையைக் கவிழ்த்தான். துண்டு துண்டாக இரும்பு கொட்டியது. ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. இது மஞ்சள் லாரியின் நான்காம் பட்டை. இது தண்ணீர் வண்டியுடையது. பழைய இரும்புக்காரனின் முகம் ஒரு நொடி மனதில் வந்து, முறைத்துவிட்டுப் போனது.

"முட்டி தேயுது, ஏழு கிலோ குறைங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் அவள், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. "காலையில நடந்தேன். சர்க்கரையை விட்டேன். வாரத்துக்கு ஒண்ணுன்னு இறங்குச்சு. நீங்கதான் எழுபத்தெட்டா இருன்னீங்க."

"அதுக்காக?"

"குறைஞ்சா மறுபடி மூட்டையை உட்கார வெச்சிடுவீங்க."

எட்டு வாரம். இரவும் பகலும். அரைக் கிலோ பிசகக் கூடாதென்று சாப்பாட்டை மறந்து, தூக்கத்தை மறந்து, உலகத்திலேயே இல்லாத ஓர் எழுபத்தெட்டுக் கிலோ ஆளுக்காக அவர் காரைச் சீவிச் சிங்காரித்திருக்கிறார். அந்த ஆள் பாதி தம்பியின் பொய், பாதி அக்காவின் இரும்பு. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் வருகிறதென்று தெரியாததால், வந்த கோபம் சற்று நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அவருக்கு நினைவில் நின்றதெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே தயாராகி, தலை சீவி, பட்டறை வாசலில் வந்து நிற்பாள். வேலை இல்லாததால் என்று அவர் நினைத்திருந்தார்.

"மச்சான், இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றான் மச்சினன். "தொண்ணூத்து மூணுக்கே மாத்துங்க. இந்தத் தடவை கிளம்பினதும் மூச்சு விட்டுடறேன்."

"இறங்கவா?" என்றாள் மனைவி. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

இருபது நிமிஷத்தில் ஒரு தடவைதான் மாற்ற முடியும். மாற்றி, எடை பார்த்து, சரிபார்த்து, கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மச்சினன் இரண்டு கூட்டம் ஓட்டியவன், பாதையும் விளக்கும் தெரிந்தவன். இவள் இந்தக் காரை ஓர் அடிகூட ஓட்டியதில்லை. நாற்பத்தொரு வருஷப் பெயர் இந்த ஓர் ஓட்டத்தில் தொங்குகிறது. பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வலது பின்சக்கரத்துக்கு அருகில் மல்லாந்து படுத்தார். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். இடப்பக்கம் திருப்பினால் இறங்கும், கனமான ஆளுக்கு. வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இலேசான ஆளுக்கு. காருக்கு இந்தப் பக்கம் மச்சினன் குனிந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே, இருக்கையில் அவள் அசைகிற சத்தம்கூட இல்லை. எட்டு வாரப் பழக்கம்.

ஸ்பேனர் வலப்பக்கம் திரும்பியது.

மச்சினன் நிமிர்ந்தான். கையிலிருந்த ஹெல்மெட்டைச் சட்டை நுனியால் துடைத்து, ஜன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினான். "உள்ள கொஞ்சம் வேர்வை வாடை அடிக்கும்க்கா, அனுசரிச்சுக்க."

"உன் போர்வையையே துவைச்சவ நான், போடா" என்றாள் அவள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

செயலாளர் ஓடி வந்தார். ஓட்டுநரை மாற்றுவதென்றால் பதிவு வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று கையை ஆட்டினார். அவருடைய பதிவேட்டையே புரட்டிக் காட்டினார்கள். இரண்டாம் ஓட்டுநர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதே என்று, முதல் கூட்டத்தன்றே பட்டறைக்காரர் தம் கையாலேயே மனைவி பெயரை எழுதியிருந்தார், அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். செயலாளர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனரக வண்டிக்கும் சேர்த்து இருந்தது. விதி வாயை மூடிக்கொண்டது. அவர் டீயையும் தள்ளிப்போட்டார்.

"பயமா இருக்கா?" என்றார் பட்டறைக்காரர், ஜன்னலில் தலையை நுழைத்து.

"ஈரத்துணி நானூறு கிலோவை ஏத்திக்கிட்டு, ஆஸ்பத்திரி மேட்டுல, பின்னாடி ஆம்புலன்ஸ் சைரன் அடிச்சுக்கிட்டு நிக்கும்போது வண்டி எடுத்திருக்கேன். துணி பின்னாடி ஓடும், மூக்கு தூக்கும், வேன் ஒரு அங்குலம்கூடப் பின்னாடி உருளாம மேல ஏறும். உங்களுக்கு இதைத்தான் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன், காதுல வாங்கினாத்தானே!"

அவர் தலையை வெளியே எடுத்தார். முன்பக்கம் போய், பானெட்டைத் திறந்து, யாருக்கும் தெரியாத மாதிரி திருகைத் தொட்டார். டிக். இந்தப் பக்கம் வந்து, அதே. மறுபடி அங்கே, மறுபடி இங்கே.

"ரெண்டு" என்று உள்ளேயிருந்து எண்ணினாள் அவள்.

"கனத்துக்கு வாய் கிடையாதுன்னு…"

"கனம் இறங்கிப் போயாச்சு. இப்ப டிரைவர் பேசறேன். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். கோட்டில் கார் உறுமிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள். அவர் முன்சக்கரத்துக்கும் அதன் மேல் விளிம்புக்கும் இடையிலுள்ள நான்கு விரல் இடைவெளியை மட்டும் பார்த்தார். மஞ்சள் எரிந்தது. பச்சை எரிந்தது. அந்த நான்கு விரல் ஆறாயிற்று, எட்டாயிற்று. அவசரப்படாமல், துள்ளாமல், தூங்கி எழுந்த பெரிய மனுஷி நிமிர்கிற மாதிரி மூக்கு எழுந்தது. பின்பக்கம் அதற்குச் சம்மதம் சொல்வதுபோல் தணிந்தது. புகை இல்லை. அலறல் இல்லை. கார் அங்கே இருந்தது, பிறகு அங்கே இல்லை.

தூரத்தில் என்னவோ ஆரவாரம். ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்னது. சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த வண்டி இன்ஜினை முறுக்க, ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. பாதையின் கடைசிக்கு முன்கூட்டியே போயிருந்த மச்சினன் அங்கே இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். அழைக்கிறானா, குதிக்கிறானா, கொசு விரட்டுகிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. பட்டறைக்காரர் பலகையின் பக்கம் திரும்பவில்லை. குடுகுடுவென்று கோட்டுக்கு ஓடி, கார் நின்ற இடத்தில் குந்தினார். தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள், குட்டையாக, ஒன்றுக்கொன்று பக்கத்தில், அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல நேராக. "பெரியவரே, எந்திரிங்க! வண்டி வருது!" என்று செயலாளர் கத்தினார். அவர் ஒரு கையை இடது கோட்டின் மேலும் ஒரு கையை வலது கோட்டின் மேலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே சூடு.